ஓடத் துணியாத ஆட்டக்காரர்கள்: யாடியர் மொலினாவின் கேட்சர் வாழ்க்கை

1. ஆய்வுப் பொருள்

பேஸ்பாலில் கேட்சர் என்பவர் விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருப்பவர். அவருடைய பொறுப்போ கீப்பரைவிடப் பெரிது. அடுத்து எந்த வகைப் பந்து, எந்த இடத்தில் என்று பந்து வீசும் பிட்சருக்குச் சைகை காட்டுவது அவர்தான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 2004 முதல் 2022 வரை 19 பருவங்கள் ஆடிய யாடியர் மொலினாவின் தடுப்பாட்டத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அவருடைய பெரும்பங்களிப்பு, களத்தில் நடக்கவிடாமல் அவர் தடுத்தவற்றில் இருக்கிறது. நடந்ததை மட்டுமே எண்ணும் புள்ளிவிவரத்தில் அது பாதிதான் பதிவாகிறது.

2. குடும்பமும் பயிற்சியும்

மொலினா 1982இல் போர்ட்டோ ரிக்கோவின் பயமோன் நகரில் பிறந்தார். தந்தை பெஞ்சமின், உள்ளூர் அமெச்சூர் ஆட்டத்தில் பெயர்பெற்றவர். அண்ணன்மார் பெங்கி, ஹோசே இருவரும் கேட்சர்களாகவே மேஜர் லீகுக்குப் போனார்கள். சகோதரர் மூவருமே உலகத் தொடர் வென்றவர்கள். கடைக்குட்டியை, புதிய வீரர்களுக்கான 2000ஆம் ஆண்டுத் தேர்வில் கார்டினல்ஸ் நான்காம் சுற்றில்தான் எடுத்தது.

3. எறிதல்

முதல் பேஸில் நிற்பவர், பிட்சர் வீசத் தொடங்கியதும் இரண்டாம் பேஸை நோக்கிப் பாய்வதைத் திருட்டு என்பார்கள். அதைத் தடுக்கக் கேட்சர் பந்தைப் பிடித்து, எழுந்து, ஏறத்தாழ 127 அடி தூரம் குறிதவறாமல் எறிய வேண்டும். இவையெல்லாம் சுமார் இரண்டே நொடியில் முடிய வேண்டும். தோள்வலு மட்டும் இதற்குப் போதாது. பந்து கையுறையிலிருந்து வெறுங்கைக்கு மாறும் கணத்தில்தான் வெற்றி தோல்வி தீர்மானமாகிறது. மொலினாவின் தனித்திறம் அந்தக் கைமாற்றமும் பாதங்களின் துரிதமும்.

2005இல், முதல்முறையாக முதன்மைக் கேட்சராக இருந்தபோது, அவருக்கு எதிராக 39 திருட்டு முயற்சிகளே நடந்தன. அவற்றில் 25 முறியடிக்கப்பட்டன. எனக்கு 25ஐவிட 39தான் முக்கியமான எண். எதிரணிகள் அதற்குள்ளாகவே ஓடுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டன. வாழ்நாள் கணக்கில் முயன்றவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரை அவர் வீழ்த்தினார். அவருக்கு அஞ்சி முதல் பேஸிலேயே நின்றுவிட்டவர்களுக்குக் கணக்கேட்டில் இடமே இல்லை.

4. பந்துத் தேர்வு: ஒரு சான்று

2006, நேஷனல் லீக் இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டம், நியூயார்க் ஷே மைதானம். அந்தப் பருவம் முழுதும் .216 சராசரியில் தடுமாறிய மொலினா, ஒன்பதாம் இன்னிங்ஸில் எதிரணியான நியூயார்க் மெட்ஸின் ஆரன் ஹைல்மன் வீசிய பந்தை ஹோம் ரன்னாக்கி, 3-1 என அணிக்கு முன்னிலை தந்தார். மக்கள் நினைவில் நிற்பது அந்த அடி. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது அடுத்து வந்த பாதி இன்னிங்ஸை.

மெட்ஸ் ஆடுகிறது. மூன்று பேஸ்களிலும் ஆள், இருவர் அவுட், மட்டையுடன் கார்லோஸ் பெல்ட்ரான். பந்து வீசுபவர் அனுபவம் குறைந்த இளைஞர் ஆடம் வெயின்ரைட். முதல் பந்துக்கு வேகப்பந்தை எதிர்பார்ப்பதே இயல்பு. மொலினா வேகம் குறைந்த சேஞ்ச்-அப்பைக் கேட்டார். பெல்ட்ரான் அதை அடிக்காமல் விட்டார், ஸ்ட்ரைக். அடுத்த இரண்டும் வளைபந்துகள். கடைசிப் பந்துக்கு மட்டை அசையவேயில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக், ஆட்டம் முடிந்தது. கார்டினல்ஸ் உலகத் தொடருக்குச் சென்று வென்றது. வளைபந்தின் புகழ் வெயின்ரைட்டுக்கு உரியது. அதற்கு வழிவிட்டது அந்த முதல் பந்துத் தேர்வு என்பதே என் கருத்து.

வெயின்ரைட்-மொலினா இணை பின்னர் 328 ஆட்டங்களில் தொடக்க பிட்சர்-கேட்சராக இறங்கி, டெட்ராய்ட்டின் லோலிச்-ஃப்ரீஹன் இணையின் 324ஐ 2022இல் முந்தியது.

5. மதிப்பீட்டுச் சிக்கல்

ஒன்பது கோல்டு குளோவ், நான்கு பிளாட்டினம் குளோவ், 2006, 2011 உலகத் தொடர்கள் என விருதுகளில் குறையில்லை. மட்டையில் .277 சராசரியும் 2,168 ஹிட்களும் உண்டு. ஆனாலும் ஒரு வீரர் அணிக்குக் கூடுதலாக எத்தனை வெற்றிகள் தந்தார் என்று கணிக்கும் இரு முன்னணி முறைகள் இவர் விஷயத்தில் வெகுவாக முரண்படுகின்றன. பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஏறத்தாழ 42 என்கிறது. ஃபேன்கிராஃப்ஸ் 55ஐத் தாண்டுகிறது. விளிம்பில் வரும் பந்தைக் கையுறை அசையாமல் வாங்கி, நடுவரிடம் ஸ்ட்ரைக் பெறும் கலையைப் பின்னது கணக்கில் சேர்ப்பதே முக்கியக் காரணம். பின்னதே உண்மைக்கு நெருக்கமானது என்பேன். அதிலும்கூடப் பெல்ட்ரானுக்கு வீசச்சொன்ன அந்தச் சேஞ்ச்-அப்புக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஓய்வுக்குப் பிந்தைய ஐந்தாண்டுக் காத்திருப்பு முடிந்து, 2028ஆம் ஆண்டு ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் அவர் பெயர் வாக்குச்சீட்டுக்கு வரும்போது, வாக்களிக்கும் எழுத்தாளர்கள் இந்த இடைவெளியைத் தங்கள் கண்ணால் பார்த்ததைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கும்.