பேர் வெட்டினால் மருந்தும் வெட்டா? நம்ம மலையின் ஆஸ்பத்திரிக் கதை



லுணுகலை, மடுல்சீமை, பசறை உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுடைய கதைதான் இது.

1869 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அப்போது இந்த மலையெல்லாம் தேயிலை இல்லை, கோப்பி. அந்த வருடம் நம்ம மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி போல ஏதோ படிந்திருப்பதைக் கண்டார்கள். இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது இங்கேதான். இரண்டு பத்தாண்டுக்குள் நாட்டின் கோப்பி முழுவதையும் அது அழித்துவிட்டது. அந்த நோயை ஆராய்வதற்கென்றே 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். இரண்டு வருடம் இங்கே தங்கி ஆராய்ந்தார்.

சரி, அதே காலத்தில் அந்தக் கோப்பிக்கு வேலை செய்த மனிதருக்கு நோய் வந்தால் யார் பார்த்தது?

இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தே வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்து இறந்தவர்கள் ஏராளம். உயிரோடு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவருக்கும் வைத்தியம் என்று இருந்தது துரையின் பங்களாவிலிருந்த மருந்துப் பெட்டிதான்.

1872 இல்தான் முதல் சட்டம் வந்தது. தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம். தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, துரைமாரே குழு அமைத்து, காசு சேர்த்து, டொக்டரை நியமிக்க வேண்டும் என்றது. கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியதே 1870 இல். டொக்டர்மார் எங்கே இருந்தார்கள்? செலவு செய்ய வேண்டியவர்களிடமே பொறுப்பைக் கொடுத்ததால் காரியம் நடக்கவில்லை. 1880 இல் இன்னொரு சட்டம் போட்டு அரசாங்கம் அந்த வேலையைத் தன் கையில் எடுத்தது. மாவட்ட வைத்திய அதிகாரி என்ற பதவி அந்தக் காலத்துக்குரியது. இன்றைக்கும் நாம் ஆஸ்பத்திரிப் பெரியவரை "டீ.எம்.ஓ." என்றுதானே சொல்கிறோம்!

ஆனால் சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தோட்டத்துக்குச் செலவு. அதனால் சில தோட்டங்களில் கடுமையாக நோயுற்றவரைப் பேர் வெட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் ரோட்டோரத்தில் கிடந்து இறந்தால் அந்தச் சாவு தோட்டத்துக் கணக்கில் வராது. தொழிலாளரும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள். அங்கே போனவர் திரும்ப வரமாட்டார் என்ற பேச்சு ஒரு பக்கம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது என்ற கவலை இன்னொரு பக்கம்.

"பேர்" என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தோட்டத்தில் பேர் என்றால் ஆளுடைய பெயர் மட்டும் இல்லை. செக்ரோலில் விழும் ஒரு நாள் சம்பளமும் பேர்தான். முழுப் பேர், அரைப் பேர் என்போம். பேர் பதிந்தால் வேலை, லயத்துக் காம்பரா, அரிசி எல்லாம் உண்டு. பேர் வெட்டினால் எதுவும் இல்லை. நம்ம மலையின் வைத்திய வரலாறு முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறோம்.

1912 இல் சட்டத்தைத் திருத்தி இன்னும் தெளிவாக எழுதினார்கள். லயத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். யாருக்கு வருத்தம் என்று துரை விசாரித்து அறிய வேண்டும். கடுமையான வருத்தம் என்றால் வைத்திய அதிகாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்க இடமும் கொடுக்க வேண்டும். டொக்டர் சரியென்று சொல்லாமல் அந்த மாதத்துக்குள் அவளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் போஷாக்கு கிடைப்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக்கு இது நல்ல சட்டம். எழுதியபடி எல்லாத் தோட்டத்திலும் நடந்ததா என்பது வேறு கேள்வி.

இந்தப் பட்டியலை நாங்கள் பலமுறை வாசித்துப் பார்த்தோம். வேலை செய்கிறவர் இருக்கிறார். வேலைக்குத் திரும்ப வேண்டிய தாய் இருக்கிறாள். நாளைக்கு வேலைக்கு வரப்போகும் குழந்தை இருக்கிறது. கொழுந்து பறிக்கும் கை நடுங்கத் தொடங்கிய கிழவி எங்கே? கவ்வாத்து வெட்டி முதுகு வளைந்த பெரியவர் எங்கே? கண் தெரியாதவர், புத்தி தடுமாறியவர் எங்கே? அவர்களுக்கென்று அங்கே ஒரு வரியும் இல்லை.

ஏன்? அந்தக் காலத்தில் தோட்டம் முதுமையைத் தன் பொறுப்பாக நினைக்கவே இல்லை. முடியாமல் போனவர் "ஊருக்கு" போய்விடுவார். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம். இளமையும் உழைப்பும் இங்கே, நோயும் முதுமையும் இராமநாதபுரத்துக் கிராமத்தில். தோட்டங்களின் கணக்கு இப்படித்தான் ஓடியது. அந்தக் கிராமத்துக் குடும்பங்கள் சுமந்த செலவு எந்தக் கம்பனியின் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

பிறகு அந்த வழியும் அடைபட்டது. 1939 இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இங்கே வருவதைத் தடைசெய்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே இருந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேருடைய கதையைப் பிறகு பேசுவோம் என்று தள்ளிவைத்து, 1974 இல் இரண்டு நாடும் பாதி பாதியாக்கின. தாய் இங்கே, மகன் அங்கே என்று பிரிந்த குடும்பங்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். திரும்பிப் போக ஊரும் இல்லாமல், இங்கே உரிமையும் இல்லாமல் முதுமையடைந்த முதல் தலைமுறை அவர்கள்தான்.

இனி, பராமரித்தவர்களைப் பற்றி. சட்டத்தைத் துரைமார் எழுதினார்கள். நோயாளியைத் தொட்டுத் தூக்கியவர்கள் வேறு ஆட்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் தண்ணி மருந்து கலக்கிக் கொடுத்த மருந்துக்காரர். நடு இரவில் லாந்தரோடு லயத்துக்கு ஓடிவந்த மருத்துவச்சி. தாய்மார் மலைக்குப் போனதும் இருபது முப்பது குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்ட ஆயா. வருத்தக்காரரைக் கம்பளியில் கட்டித் தோளில் சுமந்து இறங்கிய நான்கு இளைஞர்கள். கொழுந்து லொறியில் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக ஓட்டிய டிரைவர். இவர்களுக்குச் சிலையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

1916 இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். சோதித்த ஆட்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு போனது. ஆனால் லயத்துக்கு மலசலகூடம் இல்லை, காலுக்குச் செருப்பு இல்லை. அதே மண்ணில் அதே கால் பட்டதும் புழு மீண்டும் வந்தது. மருந்தை மட்டும் கொடுத்து வாழும் இடத்தை மாற்றாவிட்டால் நோய் வாசலிலேயே காத்திருக்கும் என்பதற்கு வகுப்பில் நாங்கள் சொல்லும் உதாரணம் இது.

பழைய காலத்தில் வேறு மாதிரியும் யோசித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் என்று ஒரு ஊர். அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஓர் ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. ஆதுலர் என்றால் நோயாளர், இயலாதவர். 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிவிடை செய்யப் பெண்கள் இருவர். பணிவிடைப் பெண்ணுக்கு எவ்வளவு நெல் என்பதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதுவும் கோயிலையும் அங்கிருந்த பாடசாலையையும் சேர்ந்தவர்களுக்கான இடம்தான். என்றாலும் பராமரிக்கிற கைக்கும் கூலி எழுதவேண்டும் என்று தெரிந்திருந்தது.

1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்பு சொத்தின் வருமானத்தில் நடந்தது. ஏழை பணக்காரர், ஆண் பெண், அடிமை சுதந்திரர் என்ற பேதம் இல்லை. குணமாகிப் போகிறவர் உடனே வேலைக்கு ஓட வேண்டியதில்லை என்று கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்புவார்கள் என்று வரலாற்றில் வாசிக்கிறோம். உன் பேர் எந்தப் பதிவில் இருக்கிறது என்று வாசலில் கேட்காத ஆஸ்பத்திரி அது.

நம்ம மலைக்குத் திரும்புவோம். 1939 இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. அந்த நேரத்தில்தான் எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு பஞ்சமும் வந்தது. மரவள்ளியும் கீரையும் தின்று பிழைத்த கதையை ஊவாவில் இன்றும் சொல்வார்கள். அப்போது முதலில் விழுந்தவர்களும் கிழவர்களும் குழந்தைகளும்தான். 1992 இல் தோட்ட நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. அதன் பிறகு சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, சில பூட்டுப்பட்டன. நாட்டில் இலவச வைத்தியம் எத்தனையோ காலமாக இருந்தும், லயத்து மனிதரின் வைத்தியம் அரசாங்கத்தினதா கம்பனியினதா என்ற இழுபறி மட்டும் தீரவில்லை.

தூரமும் ஒரு நோய். 2021 மார்ச் 20 ஐ நம்மூரில் யாரும் மறக்கவில்லை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை ரோட்டில் 13 ஆம் கட்டையில் பள்ளத்தில் பாய்ந்த காலை அது. அந்தச் சரிவில் இறங்கிக் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள். கம்பளி கட்டித் தூக்கிய அதே பரம்பரைதான். ஆட்களுக்குக் குறையில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழிதான் இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது முதியோர் விடயம். பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், மத்திய கிழக்கிலும். வீட்டில் அம்மாயியும் தாத்தாவும். பென்சன் இல்லை. சேமலாப நிதி கூரைக்கும் கலியாணத்துக்கும் கரைந்துவிடும். கிளினிக் கொப்பியைச் சீலைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறுகிறார்கள். "சின்னப்புள்ளைய ஸ்கூலுக்கு யாரு அனுப்புறது?" என்று கிளினிக்கையே விட்டுவிடுபவர்களும் உண்டு. எங்கள் வகுப்புகளில் பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆசிரியர்மாருக்குத் தெரியும். பராமரிக்கப்பட வேண்டியவரே இங்கே பராமரிப்பவராக இருக்கிறார்.

சட்டம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 60 வயது தாண்டிய எல்லோருக்கும் உரியது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது. கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 1912 பட்டியலில் இல்லாதவர்களுக்கு 88 வருடம் கழித்து ஒரு பட்டியல் கிடைத்தது. அதில் செக்ரோல் கேட்கவில்லை, வயது மட்டும்தான் கேட்கிறது. இது பெரிய மாற்றம். ஆனால் லயத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முதியோர் இல்லம் என்றாலே நம்மவர்களுக்கு முகம் சுருங்கும். முஸ்லிம் வீடானாலும், தமிழ் வீடானாலும், சிங்கள வீடானாலும் ஒரே பேச்சுதான்: பெற்றவரை இல்லத்தில் விடுவது வெட்கம். சரி. ஆனால் இல்லத்தில் விடாமல் பூட்டிய காம்பராவில் தனியே விடுவது எந்த விதத்தில் மேல்? வெட்கப்பட வேண்டியது எதற்கு என்று நாம் எல்லோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும். பகலில் முதியோர் கூடி இருக்க ஓர் இடம், ஒரு நேரச் சாப்பாடு, பிரஷர் பார்க்க ஒரு தாதி. பிள்ளைக்காம்பரா நடத்தத் தெரிந்த மலைக்கு இது நடத்தத் தெரியாதா?

நாம் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, உங்கள் லயத்தில், உங்கள் தெருவில் 60 தாண்டியவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

இரண்டு, கிளினிக் நாளில் பக்கத்து வீட்டு அம்மாவோடு ஒருவர் கூடப் போங்கள். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை. டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும்.

மூன்று, பள்ளிவாசல் ஜமாஅத், கோயில் சபை, பன்சலை, தோட்டத் தலைவர்மார் ஆகியோருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியை நலம் விசாரிப்பது நம் எல்லா மார்க்கத்திலும் கடமை. அந்தக் கடமைக்கு ஒரு பட்டியல் எழுதுவோம். தனியாக இருக்கும் முதியோர் யார், எந்த வீடு, என்ன மருந்து. அந்தக் கொப்பியில் ஒருவர் பேரையும் வெட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஆடாவத்தை, ஹொப்டன், மடுல்சீமைப் பக்கத்தில் மருத்துவச்சியாகவோ, பிள்ளைக்காம்பரா ஆயாவாகவோ, டிஸ்பென்சரியிலோ வேலை செய்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்கள் சொன்ன கதைகளைக் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் மாணவர்களோடு சேர்ந்து அவற்றை ஒரு கொப்பியில் தொகுக்கிறோம். துரைமாரின் பெயர்கள் தேயிலைப் பெட்டியிலும் தோட்டத்துப் பலகையிலும் இருக்கின்றன. இவர்களுடைய பெயர்களை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.