இனிஷியலுக்குப் பின்னால்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு இணையப் படிவத்துக்கு நிரல் எழுதினேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. சோதித்துப் பார்க்க என் பெயரையே அடித்தேன். கடைசிப் பெயர் கேட்ட இடத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், அப்பா பெயரைப் போட்டேன். பக்கம் நகர்ந்தது. நான் எழுதிய விதிக்கு நானே பொய் சொல்லித்தான் உள்ளே போக முடிந்திருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்த வருஷம் மகளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது உறைத்தது. சர்நேம் என்ற கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. காலியாக விடலாம், நம் ஊரில் நிறைய பேர் விட்டிருக்கிறார்கள். அப்படி ஒற்றைப் பெயரோடு போகிறவர்களின் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ என்று மூன்று எழுத்து வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அம்மா அப்பா வைத்த ஒரே பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத ஆளாக நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கட்டம் நமக்கு ஏன் காலியாக இருக்கிறது? பதில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் அவர் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருக்கிறது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பெயர். அவ்வளவுதான். இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் எங்கள் குடும்பத்தில் யாரோ எதையோ கழற்றி வைத்திருக்கிறார்கள். யார், எந்த நாளில் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் பொதுவில் அது நடந்ததற்குத் தேதி இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், நாடார் என்ற பட்டத்தைத் துறந்தவர். தி.நகர் பாண்டி பஜாரில் சட்டை எடுக்கும்போது நாம் அவர் பெயரைத்தான் பாதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனிஷியல் அதற்கு முன்பே இருந்ததுதான். ஈ.வெ. ராமசாமி நாயக்கர் என்பதில் ‘ஈ’ ஈரோடு, ‘வெ’ தந்தை வெங்கடப்பர். ஊரும் அப்பாவும் முன்னால் நிற்க, சாதி பின்னால் நின்றது. சுயமரியாதைக்காரர்கள் வாலை வெட்டினார்கள், தலை அப்படியே இருந்தது. ஆக, நம் பெயரின் வடிவம் ஆதிகாலத்து மரபு அல்ல. வெட்டியது போக மிஞ்சியது.

வால் போக மிச்சமிருந்த பெயரிலும் கை வைத்தார்கள், அது வேறொரு கதை. நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம், 1916 வாக்கில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலை அடிகள் ஆனார். வேதம் மறை, அசலம் மலை. ஒரு மொழிபெயர்ப்பு வேலையை அவர் தன் பெயரிலிருந்தே ஆரம்பித்தார். அவருடைய ஞானசாகரம் இதழ் அறிவுக்கடல் ஆனது, சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆனது. அவருக்கும் முன்னால் சூரியநாராயண சாஸ்திரி, பரிதிமாற் கலைஞர் ஆகியிருந்தார். அடுத்த தலைமுறையில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். மொழி இவர்களுக்கு வெறும் பேச்சுக் கருவியாக இருந்திருந்தால், வீட்டில் கூப்பிட்டுப் பழகிய பெயரை வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ள எதற்கு மெனக்கெட வேண்டும்?

இதில் எல்லாம் நேர்கோடும் இல்லை. தமிழ் அரசியலின் பெரிய பெயர்களில் ஒன்றான கருணாநிதி வடசொல். அவர் 1953-இல் பிறந்த மகனுக்கு வைத்த ஸ்டாலின் என்ற பெயரோ, தனித்தமிழ்க்காரர்கள் ஒதுக்கிய கிரந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. பெயர் என்பது இலக்கணப் பயிற்சி இல்லை. யார் பக்கம் நிற்கிறேன் என்று சொல்கிற இடம். அந்தப் பக்கம் ஒரு நாள் தமிழாக இருக்கும், இன்னொரு நாள் மாஸ்கோவாக இருக்கும்.

அதே காலத்தில் வேறு நாடுகளும் இந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டின. ஐஸ்லாந்தில் நம்மைப் போலவே அப்பா பெயர்தான் அடையாளம். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். 1925-இல் அங்கே புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். துருக்கியில் நேர் எதிர். 1934-இல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம். முஸ்தபா கெமாலுக்கு ‘அதாதுர்க்’ என்ற பெயரை நாடாளுமன்றமே கொடுத்தது. வேற்று இனங்களையும் பழங்குடிகளையும் சுட்டும் பெயர்களை அதே சட்டம் தடுத்தது. அங்கிருந்த குர்துகள் எந்த அடையாளத்தோடு பதிவேட்டில் ஏறியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓரிடத்தில் அரசு தடுத்தது, இன்னோரிடத்தில் அரசு திணித்தது. செங்கல்பட்டில் நிறைவேறியதோ வெறும் தீர்மானம். போலீஸ் கிடையாது, அபராதம் கிடையாது. இருந்தும் எங்கள் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில், மாநாட்டுப் பந்தலைக் கண்ணால் பார்க்காத ஒரு வீட்டில், அது நிறைவேறியிருக்கிறது. அந்தக் காலிக் கட்டம் என் கண்ணுக்குக் குறையாகத் தெரியாமல் போனது அதனால்தான்.

பெருமையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். சாதி பெயரிலிருந்து இறங்கி வேறு இடங்களில் ஏறிக்கொண்டது. “சொந்த ஊர் எது தம்பி? அங்க எந்தத் தெரு?” என்று பேச்சை ஆரம்பிக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும். திருமண விளம்பரத்தில் வால் பத்திரமாக இருக்கிறது. முன்னால் மிஞ்சிய எழுத்திலும் ஒரு கணக்கு உண்டு, அது அப்பாவுடையது. கல்யாணம் ஆனதும் பெண்ணுக்கு அந்த எழுத்து மாறிவிடும், அப்பாவிடமிருந்து கணவனுக்கு. செங்கல்பட்டு மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. ஒற்றை எழுத்தில் பங்கு கேட்க யாருக்கும் தோன்றவில்லை போல.

அந்த எழுத்தைப் பற்றித் தொழில்முறையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெயரின் முதல் எழுத்தை எடுத்து வட்டத்துக்குள் காட்டும் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். தமிழில் முருகன் என்று கொடுத்தால் ‘மு’ வரவில்லை, ‘ம’ வந்தது. யூனிகோடில் ‘மு’ என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். என் நிரல் முதல் குறியீட்டை மட்டும் எடுத்து உயிரை வெட்டிவிட்டிருந்தது. ஆங்கில இனிஷியல் செய்வதும் இதைத்தான். எம் என்றால் முருகனா, மாரியா, மீனாட்சியா? தமிழில் எழுதினால் மு, மா, மீ. அந்தப் புள்ளிக்கு முன்னால் ஒரு ஆள் கொஞ்சமாவது தெரிகிறார். அந்த வழுவை அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். சிவப்பு நட்சத்திரத்தை எடுக்க மட்டும் மூன்று கூட்டங்களில் வாதாட வேண்டியிருந்தது. “கடைசிப் பெயர் இல்லாத மனுஷன் எங்க இருக்கான்?” என்று கேட்டவருக்குப் பெரிய விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. “உங்க கூடத்தான் பேசிட்டிருக்கான்” என்றேன்.

பாஸ்போர்ட் படிவம் என் கையில் இல்லை, அங்கே வாதாடவும் முடியாது. பின்னால் எங்காவது விமான நிலையத்தில் குழந்தை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று என் பெயரை அடிக்கப் போனேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன், என் பேரைப் போட்டா பாஸ்போர்ட் கிழிஞ்சிடுமா?”

என்னிடம் பதில் இல்லை. அவள் பெயரைத்தான் போட்டோம். என்றாவது ஒரு நாள் யாரோ மரியாதையாக என் மகளை அவள் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளும் ஒரு நொடி திரும்பி, அம்மா வந்திருக்கிறாளா என்று பார்ப்பாள்.