சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா

சொகுசுக் கப்பல் சுற்றுலா என்பது ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக அல்லாமல், கப்பலில் சில நாட்களைக் கழிப்பதற்காகவே மேற்கொள்ளப்படும் கடற்பயணம். சென்னையில் இது பரவலாக அறியப்பட்டது 2022 ஆம் ஆண்டிலிருந்துதான். ஆனால் சென்னைத் துறைமுகத்தில் பயணிகள் கப்பலேறிய வரலாறு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. கப்பல் பிழைப்புக்கான தேவையாக இருந்த காலம் முழுவதும் தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இன்பப் பயணமாக இருக்கவில்லை. விமானம் வந்து அந்தத் தேவையைப் போக்கிய பிறகே கப்பல் கவர்ச்சியாயிற்று.

டெக் பயணிகளின் காலம்

கடல் கடப்பது ஆசாரக் குறைவு என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உயர்சாதிக் குடும்பங்களில் வலுவாக இருந்தது. கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்ற கப்பலில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்படுவதற்கு முன் இந்தத் தயக்கத்தைக் கடக்க வேண்டியிருந்தது. தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கூலி வேலைக்குப் போன ஏழை மக்களுக்கோ அப்படித் தயங்கும் வசதி இருக்கவில்லை.

அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் இன்றும் முதியவர்கள் பெயர் சொல்லி நினைவுகூர்வது ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1926 இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறையோ கட்டிலோ இல்லாதவர். தளத்தில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பவர். சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை இந்தத் தளத்தில்தான் தொடங்குகிறது.

இலங்கைக்குப் போனவர்களின் வழி வேறு. 1914 இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கியபின், சென்னை எழும்பூரில் ரயிலேறி, தாம்பரம் வழியாகத் தெற்கே சென்று, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, மறுகரையில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்பு சேரலாம். இதனால் அந்த ரயிலுக்கு ‘போட் மெயில்’ என்றே பெயர் நிலைத்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனைக்காகத் தடுத்து வைக்கப்பட்ட பிறகே கடலைக் கடந்தனர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பல் 1984 இல் இலங்கையின் போர்ச்சூழலால் நின்றது.

சென்னை – சிங்கப்பூர் தடத்தில் ரஜூலாவின் இடத்துக்கு வந்தது ‘சிதம்பரம்’. பிரான்சில் 1966 இல் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் கட்டப்பட்டு, இந்தியக் கப்பல் கழகத்தால் வாங்கப்பட்ட கப்பல் இது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தனர். அதோடு அந்தத் தடத்தின் பயணிகள் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. விபத்து நடந்திராவிட்டாலும் அது நெடுநாள் நீடித்திருக்காது. தாம்பரத்துக்கு வடக்கே, ரயிலில் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானம் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கிவிடுகிறது. இன்றும் சென்னையிலிருந்து தேவைக்காக ஓடும் பயணிகள் கப்பல் அந்தமானுக்குச் செல்வது மட்டுமே. போர்ட் பிளேர் சேர அது மூன்று நாட்கள் வரை எடுத்துக்கொள்கிறது.

ஓய்ந்த கப்பல்களின் புதிய வேலை

உலக வரலாறும் இப்படித்தான். ஜெர்மானியக் கப்பல் நிறுவனத் தலைவர் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் பயணிகள் குறைந்து கப்பல் சும்மா நிற்பதைக் கண்டு, 1891 ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’வை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். நவீன கப்பல் சுற்றுலாவின் தொடக்கமாகப் பலர் குறிப்பது இதைத்தான். 1958 இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பெரும் பயணிகள் கப்பல்கள் வேலையிழந்தன. அவற்றில் சில கரீபியன் கடலில் சுற்றுலாக் கப்பல்களாயின. அடுத்த கட்டமாக, சுற்றுலாவுக்கென்றே கப்பல்கள் கட்டப்பட்டன.

சென்னையில் இந்த மாற்றம் தாமதமாகவே வந்தது. முதல் முயற்சிகளில் ஒன்று தென்புறநகரிலிருந்து எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூரில் அமைந்துள்ள ‘அமெட்’ கடல்சார் பல்கலைக்கழகத்தின் குழுமம், 2011 இல் ‘அமெட் மெஜஸ்டி’ என்ற கப்பலைச் சென்னையிலிருந்து சுற்றுலாவுக்கு இயக்கியது. அது நீடிக்கவில்லை.

‘எம்ப்ரஸ்’ வருகை

2022 ஜூன் 4 அன்று கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலைச் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். சிதம்பரத்தைப் போலவே இதுவும் பிரான்சில் பிறந்தது. 1990 இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டப்பட்டது. நீளம் 211 மீட்டர், பதினொரு தளங்கள். மும்பையைத் தளமாகக் கொண்ட இக்கப்பல் ஜூன் வாக்கில் சென்னைக்கு வந்ததற்குக் காரணம் பருவக்காற்று. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரை ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும்.

அறிவிக்கப்பட்ட பயணங்கள் இரண்டு வகை. ஒன்று, புதுச்சேரி, விசாகப்பட்டினம் சென்று திரும்புவது. மற்றது, எந்தக் கரையையும் தொடாமல் நடுக்கடல் வரை போய் இரண்டு இரவுகளில் சென்னைக்கே திரும்புவது. ரஜூலாவில் சென்ற ஒருவரிடம், எங்கும் இறங்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரப் பணம் கட்டுகிறார்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

ஆனால் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். அறை நம்மோடு ஊர் ஊராக வரும். உணவு பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். வீட்டில் அன்றாடம் அடுப்படியில் நிற்பவருக்கு இதன் அருமை தெரியும். தாத்தா பாட்டி, பேரக் குழந்தைகள் என மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் தத்தம் வேகத்தில் பொழுதைக் கழிக்கலாம். கரை மறைந்ததும் கைப்பேசிச் சிக்னலும் மறைகிறது. பெருங்குடி, சோழிங்கநல்லூர் அலுவலகங்களின் நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு, யாரும் அழைக்க முடியாத இரண்டு நாட்கள் மலைவாசத் தலங்களில்கூடக் கிடைப்பதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் துறைமுகம் அருகிலேயே இருப்பது கூடுதல் வசதி.

வகுப்பு வேறுபாடு மறையவில்லை, தலைகீழாகியிருக்கிறது. அன்று காற்றும் வெயிலும்படும் திறந்த தளம் ஏழைகளுக்கு; மூடிய அறை வசதி படைத்தவர்களுக்கு. இன்று சன்னலற்ற உள்ளறைதான் விலை குறைந்தது. கடலைப் பார்த்த பால்கனிக்கே அதிகக் கட்டணம்.

எதிர்ப்புகளும் எழுந்தன. கப்பலில் இருந்த சூதாட்டக் கூடத்தைச் சுட்டிப் புதுச்சேரியில் அரசியல் கட்சிகள் எதிர்த்தன. 2022 ஜூனில் கப்பல் புதுச்சேரிக் கடலுக்கு வந்தும் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் நாட்டின் ஆட்சிக்கடல் முடிந்துவிடும் என்பதே நடுக்கடல் கேளிக்கைகளுக்கான வாசல். குடும்பச் சுற்றுலா என்ற விளம்பரத்தோடு இது எளிதில் ஒட்டவில்லை.

காங்கேசன்துறை

2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் செல்லத் தொடங்கியது. வடபுலத்தில் காங்கேசன்துறையும் அதைச் சூழ்ந்த ஊர்களும் போரின்போது உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து, மக்கள் பல ஆண்டுகள் வெளியேற்றப்பட்டிருந்த பகுதி. அங்கே ஒரு சுற்றுலாக் கப்பல் வந்து நின்றது யாழ்ப்பாணத்துக்குப் பெரிய செய்தி.

அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. அது சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு சேவை மீண்டும் தொடங்கியது. இரண்டும் ஒரே துறைமுகத்துக்கு வந்தாலும் பயணிகள் வேறு. சொகுசுக் கப்பலில் வந்தவர் நல்லூர்க் கோயிலையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் பார்த்துவிட்டு, கப்பல் கிளம்புவதற்குள் திரும்பியாக வேண்டும். நாகைக் கப்பலில் வந்தவர் பெட்டியோடு இறங்கி உறவினர் வீட்டுக்கு வழி கேட்கலாம்.