குடவோலையும் கணக்கும்: உத்தரமேரூர்ச் சாசனங்களிற் பொதுச்சொத்துக் காவல்

சோழர் கால உள்ளூராட்சி பற்றி எழுதப்பெற்ற நூல்களுள் உத்தரமேரூர்ச் சாசனங்களைக் குறிப்பிடாத நூல் அரிது. முதலாம் பராந்தக சோழனின் (907-955) பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919ஆம், 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இவ்விரு சாசனங்களும் உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. 1898இல் இவை படியெடுக்கப்பட்டன. பின்னர் வெங்கையா அவர்கள் இவற்றின் பொருளை அறிஞருலகுக்கு விளக்கினார். நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறு, ஆட்சிமுறை பற்றிய ஆய்வுகளில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். அந்நியராட்சியின் கீழ் வாழ்ந்த இந்திய அறிஞர் பலருக்கு, மக்களாட்சி மேனாட்டாரிடமிருந்து இரவல் பெற்றதன்று என்று நிறுவுவதற்கு இச்சாசனங்கள் கைகொடுத்தன. அன்று தொட்டு உத்தரமேரூர் என்றதும் குடவோலையே நினைவுக்கு வருகின்றது.

தெரிவுமுறையின் மீது விழுந்த இவ்வொளி, அதே சாசனங்களிலுள்ள பிறிதொரு கூற்றை ஓரளவு மறைத்துவிட்டது எனலாம். ஊர்ப் பொதுச்சொத்தைக் கையாள்பவன் அதனைத் தன்சொத்தாக்கிக் கொள்ளாதவாறு தடுப்பது எவ்வாறு என்பதே அச்சாசனங்களில் இடையறாது தொழிற்படும் வினா. தெரிவுமுறையும் அவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்றேயாகும். இந்நோக்கில் அவற்றை மீண்டும் படித்து, அவ்விதிகளின் வலிமையையும் எல்லையையும் மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சபையின் கையிலிருந்த செல்வம்

உத்தரமேரூர் பல்லவர் காலத்தில் தோன்றிய ஒரு பிரமதேயம்; சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றது. அதன் மகாசபை வெறுமனே கூடிப் பேசும் கூட்டமன்று. நிலவரியைத் திரட்டி அரசுக்குச் செலுத்தும் பொறுப்பும், கோயில்களுக்கு அளிக்கப்பட்ட நிலத்தையும் பொன்னையும் பேணும் பொறுப்பும், ஏரியையும் தோட்டங்களையும் பராமரிக்கும் பொறுப்பும் அதனிடம் இருந்தன. அறக்கட்டளையாக ஒருவர் கொடுக்கும் பொன்னைச் சபை முதலாக ஏற்று, அதன் வட்டியிலிருந்து குறித்த தருமத்தை நடத்திவரும். வைரமேகத் தடாகம் எனப்பட்ட ஏரியின் பராமரிப்புக்கும் இவ்வாறு முதல் ஒப்படைக்கப்பட்டதுண்டு. மழையை நம்பி வாழும் தொண்டைமண்டலத்தில் ஏரி தூர்ந்தால் ஊர் வாழாது. ஏரிக்கென வைத்த பொன் ஒருவன் வீட்டுக்குச் சென்றால், அதன் விளைவை ஊரிலுள்ள ஒவ்வொரு வயலும் அனுபவிக்கும்.

எனவே சபையின் சார்பில் இப்பணிகளை ஆற்றிய வாரியங்களில் யார் அமர்வது என்பது சமயச் சடங்கு பற்றிய வினாவாகவோ கௌரவம் பற்றிய வினாவாகவோ மாத்திரம் இருக்கவில்லை. அது நீர், நிலம், பொன் என்பன பற்றிய வினாவாகும். சோழ மன்னனின் ஆணையும் இதில் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது. இருமுறையும் அரச ஆணைப்படி அதிகாரி ஒருவர் சபையோடு உடனிருந்தார். தான் பெறவேண்டிய வரியும் இதே வாரியங்களின் கைவழியே வருதலால், அவற்றின் ஒழுங்கில் அரசும் அக்கறை கொண்டிருந்தது எனக் கொள்ளலாம்.

2. இரண்டாண்டில் ஒரு திருத்தம்

919இல் ஏற்படுத்திய ஒழுங்கு 921இல் திருத்தப்பட்டது. முதலாம் சாசனம் உறுப்பினர் வயதை 30 முதல் 60 வரை என வகுத்தது. இரண்டாம் சாசனம் அதனை 35 முதல் 70 வரை என மாற்றியது. தெரிவுமுறையும் மேலும் நுணுக்கமாக வகுக்கப்பட்டது. முதல் ஒழுங்கு நடைமுறையிற் கண்ட இடர்ப்பாடுகளை நீக்கவே இரண்டாவது எழுந்தது என்பது நீலகண்ட சாஸ்திரியார் கருத்து. சட்டமொன்றின் விரிவு, அதனை இயற்றியோர் எதிர்கொண்ட தொல்லையின் விரிவையும் காட்டும். கணக்குக் காட்டாதோர் இல்லாத ஊரில், கணக்குக் காட்டாதோரைப் பற்றி விதி செய்ய வேண்டிய தேவை எழுந்திராது. ஆகவே இச்சாசனங்களை ஓர் இலட்சிய ஊரின் சித்திரமாகக் கொள்வதிலும், குறைகண்டு அதனைத் திருத்த முயன்ற ஓர் ஊரின் பதிவாகக் கொள்வதே பொருத்தமாகும்.

921ஆம் ஆண்டு விதிகளின்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடப்படும். சிறியோரும் பெரியோருமாக மகாசபை நிறையக் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் முதியவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தன் தன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையிலேயே அதனை ஏற்கவேண்டும். அவன் வாசித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசித்தல் வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடாது என்பதற்காகவே விரல்களை விரிக்கும் விதி ஏற்பட்டது என்பது வெளிப்படை. மனிதனை நம்புவதற்கு முன் அவன் கையைப் பார்க்கும் மனப்பான்மை இவ்விதிகள் முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது.

இவ்வாறு தெரிவான முப்பதின்மருள், முன் அனுபவமும் கல்வியும் முதிர்ச்சியும் உடைய பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் நியமிக்கப்பட்டனர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் உரிய அறுவர் அறுவரைத் தெரிய வேறொரு குடவோலை நடைபெற்றது. பதவிக்காலம் 360 நாட்கள். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். பதவியில் இருக்கும்போதே குற்றங் காணப்பட்டவன் உடனே நீக்கப்படல் வேண்டும். பொருளைக் கையாளும் அதிகாரம் ஒருவரிடம் நெடுங்காலம் தங்கினால் அது உரிமையாக உருமாறிவிடும் என்பதை இவ்வூரார் உணர்ந்திருந்தனர் போலும்.

3. காட்டாத கணக்கு

தகுதியற்றோர் பட்டியலிலேயே இச்சாசனங்களின் சிறப்பு விளங்குகின்றது. அப்பட்டியலில் முதலிடம் பெறுவோர், ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர்கள். மாபாதகம் புரிந்தோர், பிறர் பொருளைக் கவர்ந்தோர் முதலியோர் அதன் பின்னரே வருகின்றனர். கையூட்டு என்ற சொல்லும் அவ்விதிகளிடையே காணப்படுகின்றது. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் உரிய தெரிவில், கழுதை ஏறியோரும் பொய்யாவணம் புனைந்தோரும் விலக்கப்பட்டனர்.

இங்கு நுணுகி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பிறர் பொருளைக் கவர்தல் தனிக் குற்றமாகக் கூறப்பட்டிருக்க, கணக்குக் காட்டாமை அதனின் வேறாகக் கூறப்பட்டுள்ளது. அதாவது, ஒருவன் பொதுப்பொருளைத் திருடினான் என்று பிறர் நிறுவவேண்டிய தேவை இல்லை. தான் திருடவில்லை என்பதைக் கணக்கின் மூலம் அவனே காட்டவேண்டும். காட்டத் தவறுதலே அவனை விலக்கப் போதுமானது. நிறுவும் சுமை ஊரின் தோளிலிருந்து பதவியாளன் தோளுக்கு மாற்றப்படுகின்றது. களவை நேரிற் கண்ட சாட்சி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் செல்வாக்குடையோனுக்கு எதிராகச் சாட்சி சொல்வோர் அரியர். அவ்விடர்ப்பாட்டைக் கடக்க இதனினும் எளிய வழி இல்லை.

கணக்கனைப் பற்றிய விதிகள் இதனை மேலும் உறுதிப்படுத்துகின்றன. நேர்மையாகப் பொருளீட்டிய மத்தியஸ்தனே ஊர்க்கணக்கு எழுதுதல் வேண்டும். அவன் தான் எழுதிய காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் ஒப்புவித்து, தூயவன் எனக் காணப்படுமுன் மீண்டும் அப்பதவியைப் பெறமுடியாது. அவன் எழுதிய கணக்கை அவனே காட்டவேண்டும். அதனை முடித்துக்கொடுக்க வேறொரு கணக்கன் புகுதல் கூடாது. முன்னவன் பிழையைப் பின்னவன் மீது சுமத்துவதும், பின்னவன் அறியாமையில் முன்னவன் ஒளிந்துகொள்வதும் எக்காலத்து அலுவலகங்களுக்கும் பழக்கமான உபாயங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வாயில் அடைக்கப்பட்டிருந்தது.

கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள் எனப் பட்டியல் நீள்கின்றது. செய்யாத குற்றத்துக்கு உறவினரைத் தண்டிப்பது இன்றைய நீதிக்கு ஒவ்வாது. அன்றும் அது நிரபராதிகள் பலரைத் தாக்கியிருக்கக்கூடும். எனினும் விதி செய்தோரின் கருத்து விளங்காமலில்லை. விலக்கப்பட்டவன் தன் மைத்துனன் பெயரால் மீண்டும் வாரியத்துள் நுழைவான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தந்தைவழி, தாய்வழி, மணவழி ஆகிய மூன்றையும் தழுவிய இப்பட்டியல், அக்காலத்திற் பொதுப்பொருள் எவ்வழிகளில் ஒழுகியது என்பதைக் காட்டும் வரைபடமாகவும் அமைகின்றது.

4. அதே நூற்றாண்டில் ஈழம்

பொதுப்பொருளும் பதவியும் பற்றிய இவ்வினா சோழநாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அதே நூற்றாண்டின் அநுராதபுர இராச்சியச் சாசனங்களை ஒப்புநோக்கின் உத்தரமேரூரின் தனித்தன்மை மேலும் தெளிவாகும்.

ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளுக்குரிய சிங்களத் தூண் சாசனங்கள் பல, குறித்த ஊர்களுள் அரச அலுவலர் புகுதலையும், அங்குள்ள வண்டிகளையும் எருதுகளையும் ஆட்களின் உழைப்பையும் கைப்பற்றுதலையும் தடைசெய்கின்றன. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பதுளைத் தூண் சாசனம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அலுவலர் முறையற்ற அறவீடுகளைப் பெறுவதாக, மகியங்கனையை அண்டியிருந்த ஒபிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும் மன்னனிடம் முறையிட்டனர். அவன் விதிகளை வகுத்துக் கல்லிற் பொறிக்கச் செய்தான். நான்காம் மகிந்தனின் (956-972) மிகிந்தலைச் சாசனமோ விகாரையின் அன்றாடச் செலவைப் பதிந்து, பூட்டிய பெட்டியில் வைத்து, மாதந்தோறும் தொகுத்து, ஆண்டிறுதியிற் சங்கத்தார் நடுவே வாசிக்கவேண்டும் என விதிக்கின்றது.

மிகிந்தலையும் உத்தரமேரூரும் கணக்கைப் பலர் முன் வைப்பதிலேயே நம்பிக்கை கொண்டன. பதுளையில் நிகழ்ந்தது வேறு: அங்கு அலுவலரால் வருந்திய மக்களே குரல் எழுப்பினர், மேலுள்ள அரசன் அதற்குச் செவிசாய்த்தான். உத்தரமேரூரில் விதிக்குட்பட்டோரும் விதியை ஏற்றோரும் ஒரே சபையினர். தம்மீது தாமே காவல் வைத்தனர். இது அவர்தம் பெருமை. அவ்வொழுங்கின் குறையும் இங்கேதான் தொடங்குகின்றது.

5. யாரிடம் காட்டிய கணக்கு?

வாரியத்துக்குத் தெரிவாக விரும்புவோன் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவனாதல் வேண்டும். கல்வி மிக்கோன் அரைக்கால் வேலி நிலத்தோடும் தகுதி பெறுவான். பிரமதேயங்களில் நிலம் தனியாருடைமையாக வளர்ந்திருந்தது என்பதை நொபொரு கராசிமா அவர்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக, சபை என்பது நிலவுடைமைப் பிராமணரின் அமைப்பு. அவ்வயல்களை உழுதோரும் பெண்களும் குடவோலைக்கு அப்பாற்பட்டவர்கள்.

கணக்கு ஒப்புவிக்கப்பட்டதும் அவ்வுடைமையாளரிடமே. ஒரு வாரியத்தான் ஏரிக்குரிய பொன்னைக் கவர்ந்தால் அது சபையின் கண்ணுக்குக் குற்றமாகப்படும். ஏனெனில் இழப்பு உடைமையாளர் எல்லோருக்கும் உரியது. ஆயின் உழவனின் உழைப்பு மிகையாகக் கொள்ளப்பட்டால் அதனைப் பதியும் ஏடு எது? அதனை வாசிக்குமாறு கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது? இச்சாசனங்களில் அதற்கு விடையில்லை. பதுளையின் வணிகருக்கும் குடிகளுக்கும் மன்னன் முன் முறையிட ஒரு வாய்ப்பாவது கிடைத்தது. உத்தரமேரூர் உழவரின் குரல் இக்கல்லில் எங்கும் பதிவாகவில்லை.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நமக்குக் கிடைத்திருப்பவை விதிகளே. அவ்விதிகளின்படி ஒப்புவிக்கப்பட்ட கணக்குகள் அல்ல. விதி கல்லிற் பொறிக்கப்பட்டது. கணக்கு ஓலையில் எழுதப்பட்டது. ஓலை அழிந்தது, கல் நின்றது. ஆகையால் விதியை நடைமுறையாகக் கொண்டு புகழ்பாடுதல் வரலாற்று முறையாகாது. விதி பயனற்றிருந்தது எனத் தள்ளிவிடுதலும் அவ்வாறே.

இவ்வெல்லைகளை ஒப்புக்கொண்ட பின்னரும் உத்தரமேரூரின் அடிப்படைக் கருத்து வலுவிழக்கவில்லை. பதவியாளனே தன் பொருள் நிலையை வெளிப்படுத்தவேண்டும் என்ற கொள்கை இன்றைய சட்டங்களிலும் இடம்பெற்றுள்ளது. இலங்கையில் 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சொத்துக்கள், பொறுப்புக்கள் பற்றிய வெளிப்படுத்தற் சட்டமும், அதனை நீக்கிய 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அக்கடமையை விதித்தன. ஒரு வேறுபாடு உண்டு. உத்தரமேரூரில் கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை குடத்தில் ஓலை இல்லை. அவன் மைத்துனனுக்கும் இல்லை. விளைவு உடனடியானது, ஊரறிந்தது. வெளிப்படுத்தல் என்பது படிவத்தை நிரப்பிக் கோப்பில் இடுவதோடு முடியுமாயின், கொள்கை இருந்தும் காவல் இராது.

எனவே உத்தரமேரூரிலிருந்து நாம் இரண்டு வினாக்களைப் பெற்றுக்கொள்ளலாம். கணக்குக் காட்டாதவன் எதை இழக்கின்றான் என்பது ஒன்று. இதற்கு அவ்வூரார் தெளிவான விடை தந்தனர். கணக்கைக் கேட்கும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பது மற்றது. அதில் அவர்கள் தம் வகுப்பின் எல்லையைத் தாண்டவில்லை. உள்ளூராட்சி அமைப்பு ஒன்றினை, அது எக்காலத்ததாயினும், மதிப்பிட முனைவோர் வாக்களிப்போர் தொகையோடு இவ்விரு வினாக்களையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.