ஊசி குழந்தைக்கு... அம்மாவுக்கு?

பனமலை. செஞ்சி வட்டாரத்தில் ஓர் ஏரி, ஏரியை ஒட்டி ஒரு சின்னக் குன்று, குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ஆசாமிதான். காலம், கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். உள்ளே ஒரு சுவரில் பார்வதியின் ஓவியம் பாதி அழிந்தும் அழியாமலும் இருக்கிறது. தலையில் கிரீடம், மேலே குடை, ஒரு காலை மடக்கிக்கொண்டு ஒயிலாக நின்று சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். இடுப்பு? 1,300 வருஷமாக ஓர் அங்குலம்கூட ஏறவில்லை!

ராஜசிம்மன் கோயில்களில் கருவறைப் பின்சுவரில் சோமாஸ்கந்தர் சிற்பம் வைப்பது வழக்கம். சிவன், பார்வதி, நடுவே குட்டி முருகன். கைக்குழந்தைக்காரிதான். ஆனால் அங்கேயும் அதே இடுப்பு.

தெய்வத்துக்குச் சரி. மனுஷிக்கு?

நம் பாட்டிகள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும், உடம்பு தேற வேண்டும். அதுதான் கணக்கு. பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், பத்தியச் சோறு. வயிறு தொங்கிவிடக் கூடாது என்று பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டுவார்கள். அத்தோடு சரி, எடை மெஷின் எல்லாம் கிடையாது. மிச்சத்தைத் தண்ணீர்க் குடமும் கழனி வேலையும் பார்த்துக்கொண்டன.

இன்று குடமும் இல்லை, கழனியும் இல்லை. பத்தியத்து நெய் மட்டும் இருக்கிறது. மூன்றாம் மாதமே, 'என்னடி, இன்னும் வயிறு குறையலையா?' என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். உடனே செல்போனைத் தேட வேண்டியதுதான். பணம் கட்டினால், முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ, 'இன்னிக்கு எத்தனை இட்லி?' என்று விசாரிப்பார். இது பலிக்குமா?

இதே மாதிரி ஒரு கேள்வியில் பிறந்தது ஒரு கம்பெனி. 1961, நியூயார்க். ஜீன் நைடெட்ச் என்ற குடும்பத் தலைவியைச் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்த ஒரு பெண்மணி, பிரசவம் எப்போது என்று அன்பாகக் கேட்டுவிட்டார். ஜீன் அப்போது கர்ப்பமே இல்லை! நொந்துபோனவர் நகரச் சுகாதாரத் துறையின் கிளினிக்குக்குப் போனார். சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்தார்கள். பட்டியல் சரி, பின்பற்றத்தான் முடியவில்லை. தோழிகள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்து, திருட்டுத்தனமாகத் தின்றதையெல்லாம் ஒப்புக்கொண்டார். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வாராவாரம் கூடினார்கள். 1963-ல் அது 'வெயிட் வாட்சர்ஸ்' ஆனது. ஜெயித்தது பட்டியல் அல்ல, கூட்டம்.

சரி, தொலைவிலிருந்து ஆலோசனை? கலிஃபோர்னியாவில் பிரசவமான 371 ஏழைத் தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு இன்டர்நெட் வழிப் பாடங்கள், வாராவாரம் செல்போனில் செய்திகள். கூடவே, மாதம் ஒரு முறை நேரில் சந்திப்பு. எங்கே? அரசின் சத்துணவு உதவிக்காக அவர்கள் எப்படியும் வந்துபோகிற அதே மையத்தில். 2017-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷத்தில் அவர்கள் இழந்த எடை சராசரியாக 3.2 கிலோ. மற்றவர்கள் இழந்தது 0.9 கிலோ.

இடுப்பழகு சமாசாரம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மூரில் பிரச்னை இடுப்பில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. கர்ப்ப காலச் சர்க்கரை நோயைப் பற்றி வாழ்நாளெல்லாம் எச்சரித்தவர் சென்னை டாக்டர் வி.சேஷய்யா. 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழக அரசு உத்தரவு போட்டது. 2008-ல் அவரது குழு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் 17.8 சதவிகிதக் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை. பனமலை மாதிரி கிராமங்களிலும் 9.9 சதவிகிதம்! பிரசவத்தோடு அது பெரும்பாலும் மறைந்துவிடும். 'அதான் போயிடுச்சே' என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோயாகத் திரும்பி வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. ஏறிய எடை இறங்காவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம்.

செல்போன் செய்தி இதைத் தடுக்காதா? சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரையின் விளிம்பில் இருந்த 537 பேருக்கு அதைச் சோதித்தார்கள். 2013-ல் வந்த முடிவு பிரமாதம். இரண்டு வருஷத்தில், செய்தி வராதவர்களில் 27 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை. செய்தி வந்தவர்களில் 18 சதவிகிதம்தான். ஒரே ஒரு சங்கதி... அந்த 537 பேரும் வேலைக்குப் போகிற ஆண்கள்!

தாய்மார்களுக்கு? இந்தியா, பங்களாதேஷ், இலங்கையில் கர்ப்ப காலச் சர்க்கரை வந்த 1,823 பெண்களிடம் ஓர் ஆய்வு. குழு வகுப்புகள், செல்போன் வழி நினைவூட்டல்கள் எல்லாம் உண்டு. 2022-ல் முடிவு. சர்க்கரை நிலை மோசமானவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 27.1 சதவிகிதம், ஆலோசனை பெற்றவர்களில் 25.5. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். நடுவே கொரோனா வேறு புகுந்து குழப்பியது.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. 'தினமும் அரை மணி நேரம் நடங்கள்' என்ற செய்தி வரும்போது கையில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். பிள்ளையை யார் வாங்கிக்கொள்வது? செல்போனா? நேரம் அவள் கையில் இல்லாதபோது, அறிவுரை மட்டும் வந்து என்ன பிரயோஜனம்?

ஆனால் கலிஃபோர்னியா மையம் போல நம்மிடமும் ஓர் இடம் இருக்கிறது. பிறந்து ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி. அப்புறம் பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். எந்தத் தாயும் இதைத் தவறவிட விரும்ப மாட்டாள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்க்கு மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி மத்திய அரசின் வழிகாட்டுதல் குறிப்பதும் அதே ஆறாவது வாரத்தைத்தான்! ஆகவே போன் ஆலோசனை தாராளமாக வரட்டும். பஸ் செலவாவது மிச்சம். ஆனால் அதைத் தடுப்பூசி நாளோடு முடிச்சுப் போட வேண்டும். குழந்தையை எடை போட்ட கையோடு அம்மாவையும் எடை பார்க்க வேண்டும். இரண்டு வார்த்தை நேரில் பேச வேண்டும்.

உங்கள் வீட்டில் பச்சை உடம்புக்காரி இருக்கிறாளா? ஆறாவது வாரம் ஊசிக்குக் கிளம்பும்போது கூடப் போங்கள். அவளுக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பரிசோதனை முடிகிற வரைக்கும் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.