நிலவறை ஜன்னல் மாற்றம்

நிலவறை ஜன்னல் மாற்றம் என்பது கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பழைய வீடுகளில் பரவலாக நடக்கும் மராமத்து வேலை. அங்கே குளிர்காலத்தில் மண் உறைந்து உப்புவதால், அஸ்திவாரத்தை உறைமட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. டொரண்டோவில் இந்த ஆழம் ஏறத்தாழ 1.2 மீட்டர். எப்படியும் தோண்டும் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தி அறையாக்கிக்கொண்டதுதான் பேஸ்மென்ட் எனப்படும் நிலவறை. நிலக்கரியும் கொதிகலனும் இருந்த அந்த இடத்துக்குச் சுவரின் உச்சியில், தரைமட்டத்தை ஒட்டிய சிறிய ஜன்னலே போதுமானதாக இருந்தது. பிறகு அங்கே மனிதர்கள் குடிவந்தார்கள். டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய ஈழத்தமிழர் பலருக்குக் கனடாவில் முதல் வீடு இத்தகைய வாடகை நிலவறைதான்.

மிகப் பழைய வீடுகளில் கருங்கல் சுவரில் மர நிலையும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீடுகளில் கான்கிரீட்டோடு சேர்த்து வார்த்த இரும்பு நிலையும் காணப்படும். இரண்டிலும் ஒற்றைக் கண்ணாடியே. மரம் உளுத்துப்போகும், இரும்பு துருவேறி உப்பிச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே பிளக்கும். குளிர்ந்த கண்ணாடியில் வியர்க்கும் நீர் வழிந்து சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயப் பெயின்ட் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஜன்னலைச் சோதிக்காமல் சுரண்டுவது குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்து.

விற்பனையாளர்கள் இரட்டைக் கண்ணாடியையும் அதற்கிடையே அடைக்கும் ஆர்கான் வாயுவையும் பற்றியே பேசுவார்கள். ஆனால் புது ஜன்னலின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மாற்றும் வேலை அளவெடுப்பதில் தொடங்குகிறது. பழைய திறப்பு மூலைமட்டத்துக்கு இராது என்பதால், அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, குறைந்த அளவையே கணக்கில் கொள்வார்கள். பழைய நிலையை ரம்பத்தால் துண்டாக்கி நெம்பி எடுத்தபின், அடிப்பகுதியைச் சிமென்ட் கலவையால் வெளிப்பக்கம் வாட்டம் விட்டுப் பூச வேண்டும். அதன்மேல் நீர்த்தடுப்புப் படலம் ஒட்டி, ஜன்னலை ஆப்பு வைத்து ரசமட்டம் பார்த்து நிறுத்தித் திருகுவார்கள். சுற்றியுள்ள இடைவெளியை அடைக்க, குறைவாக விரியும் நுரையே ஏற்றது. அதிகம் விரிவது நிலையை நெளித்துவிடும், கதவு திறக்காது.

ஜன்னல் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கினால் வெளியே ஜன்னல் குழி தேவை. குழியின் அடியில் சரளை பரப்பி, அஸ்திவார வடிகாலோடு குழாயால் இணைப்பார்கள். இதைத் தவிர்த்தால் பெருமழையில் குழி தொட்டியாகிவிடும்.

நிலவறையில் படுக்கையறை இருந்தால் ஜன்னல் தீ விபத்தில் தப்பும் வழியாகவும் இருக்க வேண்டும். கனடாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர் திறப்பு கேட்கிறது. எந்தப் பக்கமும் 380 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்பு விதிப்படி, திறப்பின் அடிவிளிம்பு அறைத் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கலாகாது. பழைய ஜன்னல்கள் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை, எனவே சுவரை அறுக்க வேண்டிவரும். அகலம் மாறாமல் கீழ்நோக்கி மட்டும் அறுப்பது ஓரளவு எளிது. அகலத்தைக் கூட்டினால் மேல்தளப் பாரத்தைத் தாங்க லிண்டல் வேண்டும், பொறியாளரின் வரைபடமும் நகராட்சி அனுமதியும் வேண்டும்.

அமெரிக்காவின் மத்திய மேற்கு நகரங்களில் திறப்பைக் கண்ணாடிக் கட்டிகளால் அடைக்கும் வழக்கம் உண்டு. திருட்டுக்கு அஞ்சும் வீடுகளில் பொருள் வைக்கும் அறைக்கு அது பொருத்தம். ஆள் உறங்கும் அறைக்கு அதுவும் ஆகாது, உள்ளிருந்து சாவியின்றித் திறக்க முடியாத கம்பி வலையும் ஆகாது.