தெளிச்சேரியிலிருந்து சூடாமணி விகாரம் வரை: காரைக்கால் கரையில் சமணமும் பௌத்தமும்

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் செய்த வாதங்களோடு சமணமும் பௌத்தமும் தமிழ்நாட்டை விட்டுப் போய்விட்டன என்ற நினைப்பு நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. காரைக்கால் கரையை மையமாக வைத்துச் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் அது நிற்பதில்லை.

அந்த வாதங்கள் இரண்டுமே இம்மண்ணோடு ஒட்டியவை. மதுரையில் சமணரோடு அனல்வாதம் நடந்தபோது, சம்பந்தர் சுவடியில் கயிறு சாத்தி எடுத்தது காரைக்கால் பகுதியிலுள்ள திருநள்ளாற்றுக்குரிய பதிகம். தீயிலிட்ட ஏடு வாடாததால் அதற்குப் 'பச்சைப் பதிகம்' என்றே பெயர். பிறகு தெளிச்சேரியை வணங்கிவிட்டுப் போதிமங்கை வழியே செல்கையில் பௌத்தர்களான புத்தநந்தியும் சாரிபுத்தனும் வாதுக்கு எதிர்ப்பட்டார்கள் என்கிறது பெரியபுராணம். தெளிச்சேரி இன்றைய காரைக்கால் கோயில்பத்து.

சேக்கிழார் இதைப் பாடியது 12ஆம் நூற்றாண்டில். அப்போது காரைக்காலுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், நாகப்பட்டினத்தில், சூடாமணி விகாரம் உயிரோடு இருந்தது. அதைக் கட்டுவித்தவர்கள் கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர்கள். சைவரான முதலாம் இராஜராஜன் தம் 21ஆம் ஆட்சியாண்டில் (1006) ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக விட்டார். மகன் இராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தார். 21 ஏடுகள் கொண்ட அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றதால் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகிறது. 1090இல் முதலாம் குலோத்துங்கனும் விகார நிலங்களுக்கு வரிவிலக்கு அளித்தார். வாதில் தோற்று ஒழிந்த சமயத்துக்கு நான்கு நூற்றாண்டு கழித்து யார் வரிவிலக்குத் தருவார்கள்?

பள்ளிச்சந்தம் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். சமணப் பள்ளிக்கும் பௌத்தப் பள்ளிக்கும் விட்ட நிலத்தை ஒரே சொல்லால் குறித்தார்கள். ஆனால் இரண்டும் ஊன்றிய இடம் வேறு. சமணம் உள்நாட்டு நெல்வயலைப் பற்றிக்கொண்டது. தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் அதன் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. பௌத்தம் துறைமுகத்தைப் பற்றிக்கொண்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனேச்சுரத்தில் செங்கல் விகாரமும் புத்தபாதமும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி வூசிங், கடாரத்தில் கப்பலேறி 30 நாளில் நாகப்பட்டினம் சேர்ந்து, அங்கிருந்து இரண்டே நாளில் ஈழம் போனதாக மற்றொரு சீனத் துறவியான இத்சிங் எழுதியிருக்கிறார். வாடைக்காற்றோடு வந்த கப்பல்களில் சரக்கும் சமயமும் சேர்ந்தே இறங்கின.

கலையிலும் அந்தக் கடல்வழி தெரிகிறது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த 350க்கும் மேற்பட்ட வெண்கலப் படிமங்களில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நின்றகோலப் புத்தர் ஒருவரை அருகில் நின்று பாருங்கள்: வலக்கை அபயம் காட்டுகிறது, உச்சியில் கூம்பிய தீச்சுடர். அந்தச் சுடர்முடி ஈழத்துப் புத்தருக்கும் உண்டு. வார்ப்போ நடராசரை வார்த்த அதே சோழநாட்டு மெழுகு வார்ப்பு.

ஆகவே பௌத்தம் தளர்ந்ததற்கு வாதத்தை மட்டும் காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவிஜயமும் சோழரும் ஒருசேரச் சாய்ந்தபோது கடல் தாண்டி வந்த ஆதரவு வற்றியது. அதன் பின்னும் நினைவு அழியவில்லை. கப்பல் உடைந்து கரையேறிய பர்மியத் துறவிகள் நாகப்பட்டினத்துப் பௌத்தத் தலத்தை வழிபட்ட செய்தியை 1476ஆம் ஆண்டுக் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. அவ்வூரில் எஞ்சியிருந்த செங்கல் கோபுரத்தை மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். இக்கரையோரம் போய்வந்த கப்பல்களுக்கு அதுவே அடையாளமாக இருந்தது. 1867இல் அரசு அனுமதியுடன் அது இடிக்கப்பட்டது.